கிராலருக்குக் குழாய்ச் சட்டம்: எந்தப் பைப், எந்தக் கம்பி, எதால் ஒட்டுவது

அக்கரைப்பற்றிலிருந்து தம்பி ஒருவர் கேட்டது இதுதான். ரிமோட்டில் ஓடுகிற, பாறை ஏறுகிற வண்டி, அதாவது ரொக் கிராலர், பத்தில் ஒரு பங்கு அளவில் ஒன்றைத் தானே கட்டப் போகிறார். அச்சு, கியர்பெட்டி, மோட்டார், டயர் எல்லாம் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருக்கிறார். சட்டத்தை மட்டும் குழாயால் கூண்டு மாதிரிக் கட்ட வேண்டும். அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, கார்பன் ஃபைபரா, எது நல்லது? வெல்டிங் மெசின் இல்லை, கையில் பிடிக்கிற காஸ் டோர்ச் ஒன்று இருக்கிறது.

தம்பி, நேரே பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட மூன்றும் வேண்டாம். வாகனங்களுக்குப் போடுகிற 3/16 அங்குல இரும்புப் பிறேக் பைப் வாங்குங்கள், கூண்டின் மேல்பக்கத்துக்கு 3.2 மில்லிமீற்றர் மென்னிரும்புக் கம்பி, ஒட்டுவதற்கு வெள்ளிப் பற்றாசு (பற்றாசு என்றால் உருக்கி ஒட்டுகிற உலோகம்) அல்லது பித்தளை, அடியில் பாறையில் உரசுகிற இடத்துக்கு நீலப் பரல் (பீப்பாய்) பிளாஸ்டிக். எல்லாமே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் தேடினால் கிடைக்கக்கூடிய சாமான்கள். ஏன் இவை என்பதைத்தான் விளக்க வேண்டும், ஏனென்றால் காரணம் விளங்கினால் ஒன்று கிடைக்காதபோது இன்னொன்றை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

எல்லோரும் முதலில் உலோகத்தைத் தேர்கிறார்கள், பிறகு அதை எப்படி ஒட்டுவது என்று யோசிக்கிறார்கள். அதை மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு கூண்டில் முப்பது நாற்பது பொருத்துகள் வந்துவிடும். வண்டி உருண்டு விழும்போது கம்பி இடையில் முறிந்து நான் பார்த்ததே இல்லை, பொருத்துத்தான் விடும். ஆகவே உங்கள் கையில் இருக்கிற சூட்டால், உங்களுக்குக் கிடைக்கிற பற்றாசால், எந்த உலோகத்தை நன்றாக ஒட்ட முடியுமோ அதுதான் உங்களுக்கு நல்ல உலோகம்.

இதை நான் படித்தது என் முதல் சட்டத்தில். 4 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் கட்டினேன். காத்தான்குடியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற ஒரு நானா, தன் வேலைக்கு வைத்திருந்த தட்டையான செப்புநிறக் குச்சிகளில் நாலைந்து தந்தார். செம்புக் குழாயில் அவர் அதைத் தொடுவதைப் பார்த்தால் கண் எடுக்கத் தோன்றாது. ஃபிளக்ஸ், அதாவது பற்றாசு ஓடுவதற்காக உலோகத்தைத் துப்புரவாக்குகிற மருந்து, அதுகூட வைக்காமல், சூடு ஏறியதும் குச்சியின் நுனியைத் தொடுவார், அது தண்ணீர் மாதிரி ஓடிப் பொருத்தைச் சுற்றி வந்துவிடும். நான் வீட்டில் இரும்புக் கம்பியில் ஃபிளக்ஸாக வெங்காரம் தூவி வைத்துப் பார்த்தேன், பிடித்த மாதிரித்தான் இருந்தது. தாந்தாமலைப் பக்கம், கோயில் எல்லைக்கு நன்றாக வெளியே கிடக்கிற பாறைகளில் ஓட்டினோம். ஒரு முழ உயரத்திலிருந்து வண்டி பக்கவாட்டில் விழுந்தது, அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் ஒரு கம்பியும் வளையவில்லை, ஆனால் நான்கு பொருத்துகள் விட்டிருந்தன. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், பிஸ்கட்டை இரண்டாக ஒடித்த மாதிரி மணிமணியாக இருந்தது. உலோகம் இழுபட்ட அடையாளம் ஒரு இடத்திலும் இல்லை. நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது செம்புக்குத் தம்பி, இரும்புக்கு நாங்க போடமாட்டம், கேட்டிருந்தா சொல்லியிருப்பன்" என்றார். அந்தக் குச்சி செம்பும் பொஸ்பரசும் சேர்ந்தது. பொஸ்பரஸ் இரும்போடு சேர்ந்தால் இரும்புப் பொஸ்பைட் என்ற ஒரு மெல்லிய படலம் பொருத்தின் எல்லையில் உண்டாகிறது, அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். கொஞ்சம் வெள்ளி கலந்த அதே வகைக் குச்சிகளும் விற்கிறார்கள், அவற்றிலும் பொஸ்பரஸ் இருப்பதால் இரும்புக்கு ஆகாது. குளிர்சாதன வேலைக்கடையில் பற்றாசு கேட்டால் முதலில் கையில் தருவது இதைத்தான், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இரும்புக்கு நல்ல வழி இரண்டு.

ஒன்று பித்தளை வைத்து ஒட்டுவது. சைக்கிள் சட்டங்களை அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே இப்படித்தான் ஒட்டினார்கள். இன்றைக்கும் வெடித்த சைக்கிள் சட்டத்தைக் காஸ் வெல்டிங் கடையில் கொடுத்தால் அநேகமாகப் பித்தளைதான் வைப்பார்கள். 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும், கம்பி நல்ல செம்மஞ்சளாக வர வேண்டும். அதற்கு உங்கள் கை டோர்ச் காணாது, ஒக்சிஜன் சிலிண்டர் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். நன்மை என்னவென்றால் பொருத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பித்தளை நிரப்பிக்கொள்ளும், மூலையில் ஒரு வளைவான கட்டு உண்டாகும், அது நல்ல பலம்.

மற்றது வெள்ளிப் பற்றாசு. 55 சதவீதம் வெள்ளி உள்ளது 630க்கும் 660க்கும் இடையில் உருகிவிடும். மெல்லிய பைப்பை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு நல்ல கை டோர்ச் போதும். என் விருப்பம் இதுதான். ஆனால் இது இடைவெளியை நிரப்பாது, இடுக்கில் உறிஞ்சப்பட்டு ஓடுவது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு, அதாவது 0.1 மில்லிமீற்றர் அளவுதான் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பைப்பின் நுனியையும் மற்றப் பைப்பின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிற மாதிரி மீன்வாய் வடிவில் அராவ வேண்டும். இங்கே ஒரு வசதி இருக்கிறது: மரம் அரியும் செயின்சோவின் பல் தீட்டுகிற வட்ட அரம் 4.8 மில்லிமீற்றரில் வருகிறது, அது கிட்டத்தட்ட அப்படியே 3/16 அங்குலம். அந்த அரத்தால் நாலு இழுவை இழுத்தால் மீன்வாய் தயார். நான் இரண்டாவது சட்டத்தில் சாதாரண எலிவால் அரத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

ஃபிளக்ஸ் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. நகை செய்கிற பத்தரிடம் போனால் வெங்காரமும், வெள்ளிப் பற்றாசுப் பொடியும் வாங்கலாம். அவர்கள் பாவிக்கிற பொடி பெரும்பாலும் 700 பாகைக்கு மேலேதான் உருகும், வெங்காரமும் அந்தச் சூட்டில்தான் நன்றாக இளகி வேலை செய்யும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தம். ஆனால் 55 சதவீத வெள்ளிக் குச்சியை வாங்கிக்கொண்டு அதற்கு வெங்காரம் வைத்தால், குச்சி உருகத் தயாராக இருக்கும்போது வெங்காரம் இன்னும் பொரிந்துகொண்டு இருக்கும், பற்றாசு உருண்டையாகத் திரண்டு கீழே விழும். அதற்கு ஃபுளோரைட் கலந்த பசை ஃபிளக்ஸ் வேண்டும், குச்சியோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கேடிஎம் நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் வைப்பது காட்மியம் கலந்த பற்றாசு. பழைய வெள்ளிப் பற்றாசுகளிலும் காட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலைக் கொன்றுவிடும், ஒரே நாள் வேலையில் சுவாசித்தது சில நாட்களில் ஆளை முடிக்கக்கூடியது. காட்மியம் இல்லாதது என்று உறுதியாகத் தெரியாத பற்றாசை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வானொலி திருத்துகிற ஈயத்தால் ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். தகரம் 96, வெள்ளி 4 என்று ஒரு ஈயம் இல்லாத பற்றாசு 221 பாகையில் உருகுகிறது, சிலர் பொருத்தைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி அதை ஊற்றிச் சட்டம் கட்டுகிறார்கள். ஓடும். ஆனால் பலம் வெள்ளிப் பற்றாசுக்குப் பல மடங்கு குறைவு, பொருத்துகளும் முடிச்சு முடிச்சாகத் தெரியும். உள்ளே இருக்கை, பெற்றரித் தட்டு போன்ற பாரம் தாங்காத இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேற் செய்கிற கடையில் ஆர்க் வெல்டிங் பிடித்துத் தரச் சொன்னால், 0.7 மில்லிமீற்றர் சுவர் உள்ள பைப் ஓட்டை விழுந்துவிடும். அவர்களிடம் போவதென்றால் 5 மில்லிமீற்றர் திண்மக் கம்பியோடுதான் போக வேண்டும், அது எவ்வளவு பாரம் என்று இப்போது பார்ப்போம்.

பிறேக் பைப் 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டம், சுவர் 0.7. ஒரு மீற்றர் 70 கிராம். 4 மில்லிமீற்றர் திண்மக் கம்பி மீற்றருக்கு 99 கிராம், 5 மில்லிமீற்றர் என்றால் 154. வளைவதற்கு எதிராக நிற்கிற விறைப்பைக் கணக்குப் பார்த்தால், பிறேக் பைப் அந்த 4 மில்லிமீற்றர் திண்மக் கம்பியைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு, பாரமோ அதைவிட முப்பது சதவீதம் குறைவு. விட்டம் கூடக்கூட விறைப்பு நாலாம் அடுக்கில் ஏறுவதால் வருகிற லாபம் இது. என் இப்போதைய சட்டத்துக்கு நாலரை மீற்றர் போனது. முழுவதும் பிறேக் பைப் என்றால் 315 கிராம், முழுவதும் 5 மில்லிமீற்றர் கம்பி என்றால் 690 கிராம் தாண்டும். இரண்டரைக் கிலோ வண்டியில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

பார்வைக்கும் இதுதான் சரி. மெய்யான பாறை ஏறும் வண்டிகளின் கூண்டை ஒன்றே முக்கால் அங்குலம் அல்லது இரண்டு அங்குலக் குழாயில் கட்டுகிறார்கள். 3/16ஐப் பத்தால் பெருக்கினால் 1.875 அங்குலம், இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. அதனால்தான் இந்தப் பைப்பில் கட்டிய கூண்டைப் படம் பிடித்தால் பொம்மை மாதிரித் தெரியாது.

பாரம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கூண்டு என்பது வண்டியிலேயே உயரமான பாகம். இடது வலது சக்கரங்களின் நடுவுக்கு நடு 200 மில்லிமீற்றர், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 90 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பக்கவாட்டில் 48 பாகை சாயும்வரை கவிழாது. அதே இரண்டரைக் கிலோ வண்டியில் 350 கிராம் கூடுதல் இரும்பை 150 மில்லிமீற்றர் உயரத்தில் வைத்தால் மையம் 97க்கு ஏறும், கவிழ்கிற கோணம் 46க்குள் வந்துவிடும். இரண்டு பாகைதானே என்று நினைக்க வேண்டாம், கிராலர் ஓட்டுபவர்கள் பித்தளையில் அச்சுப் பாகங்கள் வாங்கிக் கீழே பாரம் சேர்ப்பதே இப்படி ஒன்றிரண்டு பாகைக்காகத்தான். ஆகவே அடிப்பக்கத்து இரண்டு நீளச் சட்டங்கள், சக்கரங்களுக்கு நடுவில் பாறையில் உட்காருகிற பக்கச் சட்டங்கள், இவற்றை 5 மில்லிமீற்றர் திண்மக் கம்பியிலேயே போடலாம், அங்கே பாரம் நல்லது, நசுங்கவும் மாட்டாது. அதிர்வுதாங்கி பூட்டுகிற இடம் வரை பிறேக் பைப். கூரையும் குறுக்குத் தாங்கல்களும் 3.2 மில்லிமீற்றர் கம்பி, மீற்றருக்கு 63 கிராம். பைப்போடு ஒப்பிட்டால் மீற்றருக்கு ஏழு கிராம்தான் லாபம், ஆனால் மீன்வாய் அராவுகிற வேலையில் பாதி குறைகிறது, கூரையில் சின்னச் சின்னத் துண்டுகள்தானே.

அந்த 3.2 கம்பிக்கு டிக் வெல்டிங் குச்சி வாங்கலாம், செம்பு பூசி நேராக ஒரு மீற்றர் நீளத்தில் வரும். அது கிடைக்கவில்லையா, சாதாரண ஆர்க் வெல்டிங் குச்சி எந்த ஹார்ட்வெயாரிலும் இருக்கிறது. மேலே இருக்கிற சாம்பல் பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே 350 மில்லிமீற்றர் நீளத்துக்கு நல்ல மென்னிரும்பு. குறுக்குத் தாங்கல்களுக்கு அது தாராளம். வேலிக்கு அடிக்கிற நாகம் (சிங்க்) பூசிய கம்பி மட்டும் வேண்டாம். நாகம் 907 பாகையில் கொதிக்கும், பித்தளை வைக்கிற சூட்டில் வெள்ளைப் புகையாக வரும், சுவாசித்தால் சில மணித்தியாலத்தில் குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடும். சட்டத்தில் ஒட்டுகிற எம்3 நட்டுகளும் நாகம் பூசியவைதான், அவற்றை ஒரு இரவு வினாகிரியில் போட்டு வைத்தால் பூச்சுக் கரைந்துவிடும்.

பிறேக் பைப் வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருந்தால் செம்பு நிக்கல் கலவை. இரண்டாவது கறள் பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், வெள்ளிப் பற்றாசும் அழகாக ஓடும். ஆனால் வளைக்க இலகுவானது விழும்போதும் இலகுவாக வளையும். முதல் முறை கட்டுகிறவர் பழகுவதற்கு அதில் ஒரு கூண்டு கட்டினாலும் நட்டமில்லை. குளிர்சாதனச் செம்புக் குழாய் அதைவிட மென்மை, இரும்பைவிடப் பாரமும் கூட, அது வேண்டாம். கராஜில் கழற்றிப் போட்ட பழைய பைப்பை எடுக்க வேண்டாம், உள்ளே பிறேக் எண்ணெய் இருக்கும். அதைக் கழுவுகிறேன் என்று பிறேக் கிளீனர் அடித்துவிட்டுச் சூடாக்குவது இன்னும் மோசம், சில கிளீனர்களில் குளோரின் சேர்மங்கள் உண்டு, சூட்டில் அவை நச்சு வாயுவாகின்றன. புதுப் பைப்பிலும் வெளியே ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும், பச்சை நிறப் பிளாஸ்டிக் பூச்சு என்றால் அதுவும் எரிந்தால் நச்சு. பொருத்து வருகிற இடத்திலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளிவரை சுரண்டி, இரும்பு பளபளக்கிறவரை தேய்த்துவிட்டுத்தான் டோர்ச்சை எடுக்க வேண்டும்.

வளைப்பதற்குப் பிறேக் பைப் வளைக்கிற கைக்கருவி ஒன்று உண்டு, மூன்று தவாளிப்போடு வரும், அதையே இரவல் வாங்கலாம். கருவி இல்லையென்றால் பைப்புக்குள் சலித்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்து, ஒரு உருண்டைக் கட்டையில் வைத்து மெதுவாக வளைக்கலாம். கல்லடிக் கடற்கரை மணலை எடுக்க வேண்டாம், உப்பு உள்ளே தங்கிவிடும், ஆற்று மணலைச் சட்டியில் வறுத்து எடுங்கள். ஒரு இடத்தில் நெளிந்து மடிந்துவிட்டால் அந்தத் துண்டை நிமிர்த்திப் பாவிக்க ஏலாது, அடுத்த விழுகையில் அதே இடத்தில் மடியும்.

ஒட்டும்போது மறக்கக்கூடாத ஒன்று. இரண்டு பக்கமும் மூடிய பைப்புக்குள் காற்று சூட்டில் விரியும், கடைசிப் பொருத்தில் பற்றாசு உருகி நிற்கும்போது அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், ஊசி முனை அளவில் ஓட்டைகள் விழும். ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத பக்கம் 1 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிடுங்கள், வேலை முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகால் அடைக்கலாம். வேலையை மத்தியான வெயிலில் செய்ய வேண்டாம், மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சூடு கூடிவிடும். கச்சான் அடிக்கிற நாட்களில் வெளியே வைத்தால் சுவாலை ஒரு இடத்தில் நிற்காது. நான் பின்னேரத்தில் கொட்டிலுக்குள், கதவைத் திறந்து வைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த செங்கல் மேல் வைத்துச் செய்கிறேன். சீமெந்து நிலத்தில் வைத்துச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, சீமெந்துச் செதில் முகத்துக்குத் தெறிக்கும். சுவாலையால் பற்றாசை உருக்க வேண்டாம். பைப்பைச் சூடாக்கி, பைப்பின் சூட்டில் பற்றாசு உருக வேண்டும், சூடு எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் அது ஓடும்.

சரி, நீங்கள் கேட்ட மூன்று. அலுமினியம் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு பாரம், விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல விறைப்பான 6061 வகையைச் சூடாக்கி ஒட்டினால் பொருத்தைச் சுற்றி அதன் பலம் இறங்கிவிடும், பழைய தொலைக்காட்சி அன்ரனாக் குழாய் ஆரம்பத்திலேயே மெது. அலுமினியத்தைத் தகடாக வெட்டித் திருகாணியால் பூட்டுகிற இடங்களுக்கு வைத்திருங்கள், கியர்பெட்டித் தட்டுக்கு 3 மில்லிமீற்றர் தகடு அருமை. ஸ்டெயின்லெஸ் நல்ல உலோகம்தான், ஆனால் இந்த அளவுக் குழாய் தேடிப் பிடிப்பது கடினம், வளைத்தால் திரும்பி நிமிரும், சூடு பரவாமல் ஒரு இடத்திலேயே நிற்கும், வெங்காரமும் அதன் மேலுள்ள குரோமியப் படலத்தைக் கரைக்காது. கார்பன் ஃபைபர் குழாயைப் பசையால்தான் ஒட்ட வேண்டும், பாறையில் உரசினால் நார் நாராகப் பிரியும், மின்சாரம் கடத்துவதால் 2.4 கிகாஹேட்ஸ் ரிசீவரின் அன்ரனாவை அதன் நடுவில் வைத்தால் சிக்னலையும் தடுக்கும். முப்பரிமாண அச்சில் எடுக்கிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையில் இளகும், நம்முடைய வெயிலில் கதவடைத்த வானுக்குள் அரை நாள் வைத்தாலே வளைந்துவிடும்.

அடித்தட்டு. கிழக்கில் நாம் ஓட்டுகிற பாறை, தாந்தாமலை என்றாலும் சங்கமன்கண்டி என்றாலும் குடும்பிமலைப் பக்கம் என்றாலும், நைஸ் எனப்படுகிற பழைய உருமாறிய பாறை. வெயிலிலும் மழையிலும் மேல்தோல் அரித்து, குவாட்ஸ் மணிகள் உப்புத்தாள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். டயருக்கு அது வரம், அலுமினிய அடித்தட்டுக்கு எமன். குவாட்ஸ் அலுமினியத்தைவிட எவ்வளவோ கடினம், தட்டு கீறுப்பட்டு, அந்தக் கீறலே பாறையில் கொழுவிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். பொலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த எச்டிபிஈ பிளாஸ்டிக் வழுக்கிப் போகும். மீன் வாடிகளில் வெடித்த நீலப் பரல் ஒன்று சும்மாவே தருவார்கள். இரசாயனம் வைத்திருந்த பரல் என்றால் எடுக்க வேண்டாம். துண்டை வெட்டி, கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி ஆறவிட்டால் தட்டையாகும். 3 மில்லிமீற்றருக்குக் குறையாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள். அதில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, திருகாணிதான், தலைகள் உள்ளே புதைகிற மாதிரித் துளையைக் குடைந்துவிட வேண்டும்.

கடைசியாகக் கறள். நீங்களும் நானும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், பூசாத இரும்பு வாடைக் காலத்தில் ஒரு இரவிலேயே சிவந்துவிடும். ஒட்டி முடிந்ததும் ஃபிளக்ஸ் கண்ணாடி மாதிரி பொருத்தில் படிந்திருக்கும், அதை விட்டுப் பூசினால் ஈரத்தை இழுத்து உள்ளேயிருந்து அரிக்கும். சுடுதண்ணீரில் ஊறவிட்டுத் தேயுங்கள், விடாப்பிடியாக நிற்கிற வெங்காரத்துக்குப் புளி கரைத்த சுடுதண்ணீர் உதவும், பிறகு நல்ல தண்ணீரில் அலசி அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் மாவாக உதிரும், நடுவில் கிறீஸ் பூசுங்கள் அல்லது நைலோன் வாசர் போடுங்கள்.

பைப் வாங்கி வந்ததும் கூண்டைத் தொடங்க வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டு இரண்டை மீன்வாய் அராவி, டீ வடிவில் ஒட்டி, ஆறியதும் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடியுங்கள். பைப் மடிந்து நசுங்கி, பொருத்து அப்படியே நின்றால் பலகையில் முழு அளவில் படம் கீறி, ஆணி அடித்து, வேலையைத் தொடங்கலாம். பொருத்து விட்டால், உடைந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துக் கிட்ட நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஃபிளக்ஸ் பிழையா, சூடு காணாதா, இடைவெளி கூடவா என்பது அந்த முகத்திலேயே தெரியும்.